ஓட்டி வந்தவர்

வீடு
பிப்ரவரி 4

அன்புள்ள மகளுக்கு,

அப்பாவின் ஆசிகள். நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். தீவுக் காற்று உன் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொல்கிறாள்.

உங்கள் வானிலை நிலையத்தில் இருக்கும் ஒரே வயர்லெஸ்ஸில் காற்றையும் மழையையும் தவிர வேறு பேச்சே கூடாது என்பதால், பத்து நாளைக்கு ஒருமுறை வரும் படகை நம்பி இதை எழுதுகிறேன். செய்தி இதுதான். மே முதல் வாரத்தோடு உன் ஒன்றரை வருஷத் தீவு வாசம் முடிகிறதல்லவா? உன்னை அழைத்துப் போக நாங்கள் வருகிறோம். பஸ்ஸில் இல்லை, நம் காரில். கடலோரச் சாலையிலேயே, எழுநூறு கிலோமீட்டர்.

அவசரமில்லாத பயணம். மார்ச் முதல் தேதி புறப்பாடு. முதலில் சித்தப்பா வீட்டில் இரண்டு வாரம். அடுத்து, அம்மாவோடு பள்ளிக்கூடத்தில் படித்த தையல்காரத் தோழி வீட்டில் ஒரு மூன்று வாரம், விடமாட்டாளாம். பிறகு உன் அத்தை வீடு. அங்கிருந்து மலைச்சாலை ஏறி இறங்கினால் படகுத்துறை. விலாசங்களைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். அந்தந்தத் தேதிக்கு அந்தந்த வீட்டுக்கு எழுது.

டிரைவிங் ஸ்கூலை மூடி வைத்தாயிற்று. முப்பத்தொரு வருஷம் அடுத்தவர்களுக்குக் கிளட்ச் மிதிக்கக் கற்றுக்கொடுத்தாயிற்று. கொஞ்சம் ஊரும் உறவும் பார்க்கலாம் என்று தோன்றியது.

வேறு விசேஷமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா

கீழே அம்மா எழுதுவது: சுகம். பெட்டி கட்டுகிறேன். உனக்குப் போர்வை ஏதும் வேண்டுமா?


தீவு
பிப்ரவரி 14

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

வணக்கம். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. காற்று வாங்கிக் காற்று வாங்கிக் காது மட்டும்தான் கொஞ்சம் மந்தமாகிவிட்டது. படகு ஒரு மணி நேரம்தான் நிற்கும். மழைமானியைப் பார்த்து எழுதிவிட்டு வந்து, முட்டியில் தாளை வைத்து இதைக் கிறுக்குகிறேன்.

நீங்கள் வருவதை நினைத்தாலே குதிக்கலாம் போல இருக்கிறது. ஆனால் அப்பா, எனக்கு இரண்டு விஷயம் புரியவில்லை.

ஒன்று: நான் பத்தாவது பரீட்சை எழுதிய நாளிலும் ஸ்கூலுக்கு லீவு விடாதவர் நீங்கள். உங்களுக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல் இருந்தபோதுகூடப் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஒரு பல் டாக்டருக்குப் பார்க்கிங் சொல்லிக்கொடுத்தீர்கள். இப்போது இரண்டு மாதம் மூடுகிறேன் என்கிறீர்கள். ஏன்?

இரண்டு: போன லீவில் நான் உங்கள் இடப்பக்கம் டீ கிளாஸோடு நின்றேன். ஒரு நிமிஷத்துக்கு மேல் நின்றேன். நான் பேசியதும் திடுக்கிட்டுத் திரும்பினீர்கள். அன்றைக்கே கண் டாக்டரிடம் போகச் சொன்னேன். போனீர்களா? என்ன சொன்னார்?

பதில் எழுதுங்கள். போர்வை வேண்டாம் அம்மா. நீ வந்தால் போதும்.

உங்கள் மகள்


சித்தப்பா வீடு
மார்ச் 6

அன்புள்ள மகளுக்கு,

அப்பாவின் ஆசிகள். இருவரும் நலமாக இங்கே வந்து சேர்ந்தோம். சித்தப்பாவும் சித்தியும் உன்னை விசாரித்தார்கள்.

முதல் நாளே நூற்று நாற்பது கிலோமீட்டர். வண்டி ஒரே சீராக வந்தது. எங்கும் அவசரமில்லை, எங்கும் திணறலுமில்லை. உப்பளம் தாண்டியதும் சாலை கடலை ஒட்டியே போகிறது. அங்கே இரண்டு இடத்தில் மணல் ஏறிக் கிடந்தது. மணலில் பிரேக் போட்டால் வண்டி வழுக்கும். பிரேக்கைத் தொடாமல், கியரைக் குறைத்து, பதறாமல் தாண்டியாயிற்று. பாலத்தில் எதிரே ஒரு பஸ் வந்தது. கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கும். அதுவும் சுமுகமாக முடிந்தது.

நாங்கள் வந்து இறங்கியபோது சித்தப்பா ஒரு படகு இன்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தலையைத் தூக்கிப் பார்த்தான். என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான் பார், அப்படி ஒரு சிரிப்பு. ஏனென்று நான் கேட்கவில்லை. சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான்.

ஸ்கூல் விஷயம் கேட்டிருந்தாய். மனிதனுக்கு ஓய்வு வேண்டாமா? கண்ணாடி மாற்றியிருக்கிறேன். புது பிரேம் எனக்கு எடுப்பாக இருப்பதாகச் சித்தி சொல்கிறாள்.

உன் அப்பா

கீழே அம்மா: நலம். இரண்டு நாளாகத் தோள்பட்டையில் வலி. சித்தி தைலம் தேய்த்துவிட்டாள். வேறொன்றுமில்லை.


தீவு
மார்ச் 16

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ நலமா? உன் தோள்வலி எப்படி? இதை உன் பெயருக்கு மட்டும், உன் தோழி வீட்டு விலாசத்துக்கு எழுதுகிறேன். அப்பாவிடம் காட்டாதே.

அப்பா என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. பிரேம் எடுப்பாக இருக்கிறதாம்! டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டால் பிரேம் பற்றிச் சொல்கிறவரை என்ன செய்வது?

அவர் கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். வரிகள் எல்லாம் ஒழுங்காகத் தொடங்குகின்றன. ஆனால் தாளின் ஓரம் வரும்போது ஓரம் அவருக்குத் தெரிவதில்லை அம்மா. மூன்று வரிகளில் கடைசி எழுத்து தாளிலேயே இல்லை. மேஜை மேல் எழுதியிருக்கிறார்.

தாளின் ஓரம் தெரியாதவருக்குச் சாலையின் ஓரம் தெரியுமா? ஒரு பக்கம் கடல். பாலத்தில் பஸ் ஒரு சாண் தூரத்தில் போனது என்று பெருமையாக வேறு எழுதுகிறார். அதைப் படித்ததும் வாயில் வைத்த சோறு இறங்கவில்லை. படித்த கையோடு வானிலைப் பலூன் விடும்போது கயிற்றைப் பிடிக்க மறந்து, அது கருவி இல்லாமலேயே மேலே போய்விட்டது. மேலதிகாரி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அம்மா, சாவியை வாங்கி வைத்துக்கொள். காரைத் தோழி வீட்டிலேயே நிறுத்திவிட்டு இரண்டு பேரும் பஸ்ஸில் திரும்பிப் போங்கள். நான் தனியாக வந்துகொள்வேன். அவர் கோபப்பட்டால் என் மேல் பழியைப் போடு.

உடனே எழுது. ஒரு வரியாவது எழுது.

உன் மகள்


தோழி வீடு
மார்ச் 27

என் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நல்ல சுகம். நீ முதலில் வயிறாரச் சாப்பிடு, பிறகு இதைப் படி.

வண்டியை உன் அப்பா ஓட்டவில்லை. நான்தான் ஓட்டுகிறேன்.

தோள்வலி அதனால்தான். இப்போது பழகிவிட்டது.

நீ கேட்டதற்கெல்லாம் வரிசையாகச் சொல்கிறேன். அப்பாவுக்குக் கண்ணில் அழுத்தம். நேரே பார்ப்பதில் குறையில்லை, இரண்டு பக்கமும் திரை விழுந்துவிட்டது. மருந்து விட்டால் இதற்கு மேல் போகாமல் தடுக்கலாம், போனது வராது என்று டாக்டர் சொன்னார். ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்றும் சொன்னார். நவம்பரில் நடந்தது இது. வீட்டுக்கு வந்து மூன்று நாள் காரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

எனக்கு அதற்கு முன்பே தெரியும். பாதி திறந்திருந்த கதவில் தினமும் மோதிக்கொண்டு, "யாரு இதை இப்படித் தொறந்து வெச்சது?" என்று கதவைத் திட்டிக்கொண்டிருந்தாரே! கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார். அதனால் போன வருஷமே ஒரு காரியம் செய்தேன். தையல் வகுப்புக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நாலு மாதம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். யாரிடம் தெரியுமா? மணிக்கூண்டுக்குப் பக்கத்து ஸ்கூல்காரரிடம். ஆமாம், உன் அப்பா 'அரை கிளட்ச்' என்று பட்டப்பெயர் வைத்து, முப்பது வருஷமாக ஜென்ம விரோதியாக நினைக்கிறாரே, அவரிடம்தான். தங்கமான மனிதர். டெஸ்ட்டில் இரண்டு தடவை தோற்றேன். மூன்றாவது தடவை கொடுத்தார்கள்.

நான்காம் நாள் காலையில் காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் லைசென்ஸை வைத்தேன். எடுத்து முகத்துக்கு நேரே பிடித்து, வெகுநேரம் படித்தார். கூடவே ஸ்கூல் ரசீதும் இருந்தது. அதையும் படித்தார்.

"அவன்கிட்டயா கத்துக்கிட்ட?" என்றார்.

"நீங்கதான் கத்துத் தரலையே" என்றேன்.

நீ குழந்தையாக இருந்தபோது ஒருநாள் ஆசையாகக் கேட்டேன். ஒரே ஒரு நாள் கற்றுக்கொடுத்தார். நாற்சந்தியில் வண்டி நின்றுபோயிற்று. பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். அவர் சுற்றி வந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்து, "இறங்கு" என்றார். அவ்வளவுதான். கத்தவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன். ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர், அதற்குப் பிறகு என்னைக் கேட்டதேயில்லை. நானும் கேட்கவில்லை.

அவருக்காகத்தான் கற்றேன் என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம். உன்னிடம் சொல்கிறேன், எனக்காகவும்தான்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "நம்ம பொண்ணைப் போய்க் கூட்டிட்டு வரலாம். ஆனா அவகிட்ட இதைச் சொல்லாதே, நானே சொல்றேன்" என்றார். இன்னும் சொல்லவில்லை. ஒவ்வொரு கடிதத்தையும் எழுதி முடித்து என்னிடம் நீட்டுவார், நான் ஒரு வரி எழுதுவேன். அவர் எழுதியதைப் படித்தால் வண்டிக்குப் பேய் பிடித்துத் தானாக ஓடுகிற மாதிரி இருக்கும்.

நீ தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. அவரே சொல்லட்டும். அது அவருக்குப் பெரிய மலை, மெதுவாக ஏறுகிறார்.

பக்கத்தில் உட்கார்ந்து அவர் படுத்தும் பாட்டை மட்டும் சொல்லி முடிக்கிறேன். வளைவு வந்தால் அவர் வலது கால் தானாகக் கீழே அழுத்துகிறது, பிரேக் இருப்பதாக நினைப்பு. கால் மிதியில் ஓட்டையே விழுந்துவிட்டது. தோழி அதன் மேல் ஜீன்ஸ் துணி வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறாள்.

அழாதே. பலூனை ஒழுங்காக விடு.

அம்மா


தீவு
ஏப்ரல் 5

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் மிக மிக நலம். இங்கே வானம் தெளிவு, காற்று மிதம், பசி அபாரம்.

உங்கள் மார்ச் மாதக் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். மணலில் பிரேக்கைத் தொடாமல் கியரைக் குறைத்துத் தாண்டிய இடத்தை எங்கள் மேலதிகாரிக்குப் படித்துக் காட்டினேன். அவர் இருபது வருஷம் ஜீப் ஓட்டியவர். "யாருங்க ஓட்டினது? நல்ல கை!" என்றார். எங்கள் வீட்டு ஆள்தான் என்றேன்.

வண்டி ஓட்டி வருபவருக்கு என் பாராட்டைச் சொல்லிவிடுங்கள். அதாவது, உங்களுக்கே நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள்.

மலைச்சாலை பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அது ஒருவழி அகலம்தான், அங்கங்கே ஒதுங்க இடம் வெட்டியிருப்பார்கள். ஏப்ரல் கடைசியில் கடலிலிருந்து திடீரென்று மழை ஏறும். காலையிலேயே கிளம்பிவிடுங்கள். மே மாதம் எட்டாம் தேதி எனக்கு மாற்றாள் வருகிறார், அதே படகில் நான் கரைக்கு வருவேன்.

அத்தையை விசாரித்ததாகச் சொல்லுங்கள். அவர் வாய் தெரியுமே, ஜாக்கிரதையாகச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்


அத்தை வீடு
ஏப்ரல் 20

அன்புள்ள மகளுக்கு,

அப்பாவின் ஆசிகள். உன் பாராட்டு கிடைத்தது. சேர வேண்டிய இடத்தில் சேர்த்துவிட்டேன்.

இங்கே வந்து ஆறு நாளாகிறது. வீட்டில் விருந்தாளிகள் அதிகம். அத்தைக்கு முழங்கால் வலி, மற்றபடி குரலில் எந்தத் தளர்ச்சியும் இல்லை. சாப்பாட்டு மேஜையில் ஒரு சின்ன வாக்குவாதம். பெரிதாக ஒன்றுமில்லை. இன்னும் ஒரு வாரம் இருப்பதாக இருந்தோம், இப்போது நாளை மறுநாளே கிளம்பலாம் என்றிருக்கிறோம்.

மலைச்சாலைக்கு மட்டும் இங்கிருந்து ஒரு டிரைவரை அனுப்பலாம் என்று அத்தை சொல்கிறாள். யோசிக்கிறேன்.

இந்தத் தடவை நீளமாக எழுத மனம் வரவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா


அத்தை வீடு
ஏப்ரல் 21

என் கண்ணுக்கு,

சுகமா? நான் இருக்கிறேன். அப்பாவின் கடிதத்தில் என் வரி இல்லாததைக் கவனித்திருப்பாய். அவர் நீட்டினார், நான் வாங்கவில்லை. இதைத் தனியாகத் தபால் வண்டியில் சேர்க்கிறேன்.

நாங்கள் வந்து இறங்கிய அன்றே அத்தை வாசலில் நின்று, "என்னடா தம்பி, நீ இந்தப் பக்கமா இறங்குற?" என்றாள். அன்று அதைச் சிரித்து மழுப்பிவிட்டார். நேற்று முன்தினம் மேஜையில் பன்னிரண்டு பேர். அத்தை எல்லோர் முன்னாலும் ஆரம்பித்தாள். "ஊருக்கே டிரைவிங் வாத்தியார். பொண்டாட்டி ஓட்டுற வண்டியில பொம்மை மாதிரி உக்காந்து வர்றான். கண்ணு தெரியலேன்னா ஒரு ஆளை வெச்சுக்கக் கூடாதா? இவளுக்கு என்ன தெரியும்? மலையில கொண்டுபோய்க் கடல்ல விட்டுட்டா?"

எனக்கு அத்தை புதிதல்ல. முப்பத்தைந்து வருஷமாகக் கேட்கும் பேச்சு. நான் உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் தட்டைப் பார்த்தார். ஏதாவது சொல்வார், இப்போது சொல்வார் என்று கையைக் கழுவாமல் காத்திருந்தேன். "சரிக்கா, யோசிக்கலாம்" என்றார்.

நானூற்று எண்பது கிலோமீட்டர் ஓட்டி வந்திருக்கிறேன். ஒரு கீறல் இல்லை. அதை ஒரே ஒரு வார்த்தையாகச் சொல்லியிருக்கலாம். நாற்சந்தியில் இறங்கச் சொன்னபோதுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

சாவியை மேஜையில் வைத்துவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். பிறகு, அங்கே படகுத்துறையில் நீ வந்து இறங்கும்போது வேறு எவனோ ஒருவன் நம் காரில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். ம்ஹூம்.

இன்று காலை அந்த டிரைவர் வந்தான். "நீ போய்ட்டு வாப்பா, வேண்டாம்" என்று நானே அனுப்பிவிட்டேன். அப்பா ஜன்னலருகே நின்றுகொண்டிருந்தார்.

நாளைக் காலை மலைச்சாலை. சாவி என்னிடம் இருக்கிறது.

அம்மா


தீவு
மே 5

அன்புள்ள அப்பா, அம்மா,

எங்கே இருக்கிறீர்கள்? எப்படி இருக்கிறீர்கள்?

போன படகில் உங்கள் இருவரின் கடிதங்களும் வந்தன. வேலை மிகுதியில் படகு போன பிறகுதான் பிரித்தேன், யாரையும் விசாரிக்க முடியவில்லை. இன்று வந்த படகில் ஒன்றுமில்லை. நீங்கள் ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதியே படகுத்துறைக்கு வந்திருக்க வேண்டும். அங்கே விடுதியில் அப்படி யாரும் வந்து தங்கவில்லை என்று படகோட்டி சொல்கிறார். மலைச்சாலையில் மண் சரிந்து, பதின்மூன்று நாளாகப் போக்குவரத்து இல்லை, தபாலும் இல்லை என்கிறார். வேறு ஏதாவது கேள்விப்பட்டீர்களா என்றேன். தெரியாது என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

ஏப்ரல் இருபத்திரண்டு. அன்றைக்கு மழைமானியைப் பார்த்தவள் நான். காலை எட்டரைக்குப் பூஜ்யம் என்று எழுதினேன். பதினொன்றரைக்குத் தொண்ணூற்றாறு மில்லிமீட்டர் என்று எழுதினேன். என் கையெழுத்துதான். அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் இருக்க முடியவில்லை.

அப்பா, எனக்கு எல்லாம் தெரியும். அம்மா மார்ச்சிலேயே சொல்லிவிட்டாள். அதைச் சொல்லாமல் உங்களோடு விளையாடிக்கொண்டிருந்ததற்கு மன்னியுங்கள். காலையிலேயே கிளம்புங்கள் என்று எழுதியவளும் நான்தான்.

இதைப் படகோட்டியிடம் கொடுத்து, உங்களைப் பார்த்தால் கொடுக்கச் சொல்கிறேன். பார்ப்பார். கட்டாயம் பார்ப்பார். எட்டாம் தேதி காலை மாற்றாளை ஏற்றிக்கொண்டு அதே படகு தனியாக ஒருமுறை வரும். அதில் ஒரு வார்த்தை கொடுத்தனுப்புங்கள்.

உங்கள் மகள்


படகுத்துறை
மே 8, விடியற்காலை

அன்பு மகளே,

அப்பாவும் அம்மாவும் முழுசாக இருக்கிறோம். வண்டியும் முழுசாக இருக்கிறது. முதலில் இதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விடு. மீதியைப் படகில் ஏறி உட்கார்ந்து படி.

ஐந்தாம் தேதி மாலைதான் சாலையைத் திறந்தார்கள். நாங்கள் இங்கே வந்து நிற்கவும், படகோட்டி உன் கடிதத்தை நீட்டவும் சரியாக இருந்தது. பல தடவை படித்தேன். நீ மன்னிப்புக் கேட்க ஒன்றுமில்லை. கேட்க வேண்டியவன் நான்.

நடந்ததைச் சொல்கிறேன்.

இருபத்திரண்டாம் தேதி காலை ஏழு மணிக்கே மலை ஏறத் தொடங்கினோம். வெயில் அடித்தது. அம்மா என்னோடு பேசவில்லை, நானும் பேசவில்லை. பாதித் தூரம் போனபோது கடலிலிருந்து ஒரு வெள்ளைச் சுவர் எழுந்து வந்தது. அதற்குள் நுழைந்ததும் மழை. வைப்பர் போதவில்லை. ஒரு வளைவில் திரும்பினால் எதிரே ஒரு லாரி. டிரைவர் கதவைத் திறந்து நின்றுகொண்டு, இரண்டு கையையும் ஆட்டுகிறார். "பின்னால போங்க! மேல கல்லு உருளுது! பின்னால போங்க!"

ஒதுங்கும் இடம் எங்களுக்குப் பின்னால் முந்நூறு மீட்டர் தள்ளி, மூன்று வளைவு தாண்டி. ஒரு பக்கம் பாறை. இன்னொரு பக்கம் முழங்கால் உயரக் கல், அதற்கு அப்பால் கடல். பின் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது.

நான் இறங்கினேன். பின்னால் நின்று கை காட்டுவதற்காக. முப்பத்தொரு வருஷமாக அதுதானே என் தொழில். சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். எனக்குச் சாலை தெரிந்தது, ஓரம் தெரியவில்லை. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். கல் எங்கே முடிகிறது, காற்று எங்கே தொடங்குகிறது என்று புரியவில்லை. "வா வா" என்று சொல்லக் கை தூக்கினேன். உடனே இறக்கிவிட்டேன். தப்பாகச் சொன்னால் உன் அம்மா போய்விடுவாள்.

அம்மா கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டினாள்.

"நீங்க ஏறி உக்காருங்க."

"நீ எப்படி..."

"எனக்குத் தெரியுது. ஏறுங்க. ஒரு வார்த்தை பேசக் கூடாது."

ஏறி உட்கார்ந்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டேன். அம்மா இடுப்புவரை ஜன்னலுக்கு வெளியே சாய்ந்து, மழை முகத்தில் அறைய அறைய, பின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு ரிவர்ஸ் எடுத்தாள். ஒரு அடி, நிறுத்தம். ஒரு அடி, நிறுத்தம். கிளட்ச்சை எவ்வளவு விட வேண்டுமோ அவ்வளவுதான் விட்டாள், ஒரு நூல் கூடவில்லை. சுவாசம்கூடச் சீராக இருந்தது. இரண்டாவது வளைவில் சக்கரம் ஈர மண்ணில் சுழன்றது. என் கால் தரையை மிதித்தது. அவள் மிதிக்கவில்லை. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் பாறைப் பக்கம் ஒடித்து, காத்திருந்து, மெதுவாக வெளியே எடுத்தாள். நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்த மழையில், அந்த இடத்தில், என்னால் அப்படி எடுத்திருக்க முடியாது. நல்ல கண் இருந்த காலத்திலும் முடியாது. இதைத் தொழில் தெரிந்தவனாகச் சொல்கிறேன்.

இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. ஒதுங்கினோம். லாரி எங்களைத் தாண்டி வந்து நின்றது. அப்போது ஒரு சத்தம். நாங்கள் நின்றிருந்த வளைவு, சாலையும் கல்லும் மரமுமாகக் கீழே இறங்கிப் போயிற்று.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "டீ குடிக்கணும்" என்றாள்.

மலையடிவாரத்தில் ஒரு டீக்கடை, அதை ஒட்டி ஒரு ஓய்வு விடுதி. மழைக்கு ஒதுங்கியவர்கள் இருபது பேர் இருப்பார்கள். லாரி டிரைவர் நேராக என்னிடம் வந்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "சார், இருபத்தாறு வருஷமா இந்த ரூட்ல ஓடுறேன். இப்படி ஒரு ரிவர்ஸ் பார்த்ததில்ல. நீங்க பின்னால போகலேன்னா நானும் போயிருப்பேன். நீங்க யாரு சார்?"

பாறைப் பக்கம் நின்றிருந்த அவருக்கு, மழையில் யார் ஓட்டினார்கள் என்று தெரியவில்லை. கடையே திரும்பிப் பார்த்தது. அம்மா டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை வீட்டு மேஜையில் நான் தட்டைப் பார்த்த மாதிரி.

"நான் இல்லைங்க" என்றேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மறுபடி சொன்னேன். "எனக்குக் கண்ணு பாதிதான் தெரியும். ஓட்டினது இவங்க. என் மனைவி. வீட்டுலேர்ந்து இங்க வரைக்கும் ஓட்டினது இவங்கதான். நான் டிரைவிங் வாத்தியாரு. ஆனா இவங்களுக்கு நான் கத்துக் குடுக்கல. இவங்களா கத்துக்கிட்டாங்க."

லாரிக்காரர் என் கையை விட்டார். அம்மா முன்னால் போய் நின்று, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா" என்றார். கும்பிட்டார். கடைக்குள் யாரோ கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள். உன் அம்மாவுக்கு வெட்கம் வந்து நான் பார்த்ததே இல்லை. அன்று பார்த்தேன்.

அத்தை வீடு நாற்பது கிலோமீட்டர்தான், சாலை திறக்கும்வரை அங்கே போய் இருக்கலாம் என்று கேட்டேன். "வேண்டாம், முன்னாலதான் போகணும்" என்றாள். பதின்மூன்று நாளும் அந்த ஓய்வு விடுதியிலேயே இருந்தோம். அங்கிருந்து அத்தைக்கு ஒரு கடிதம் எழுதினேன், நாலே வரி. அன்று மேஜையில் சொல்லியிருக்க வேண்டியது. அம்மாவிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் உறையை ஒட்டினேன். அன்று சாயங்காலம்தான் என்னோடு பேச ஆரம்பித்தாள். விடுதி வாசலில் நாற்காலி போட்டு, பழைய கதையெல்லாம் பேசினோம். நாற்சந்தி பற்றியும் பேசினோம். அதை உனக்கு எழுத மாட்டேன், அது எங்கள் இருவருக்கும்.

சாலையைத் திறந்த அன்று முதல் வண்டியாக எங்களைத்தான் விட்டார்கள். லாரிக்காரர் சொல்லி வைத்திருந்தாராம். சரிந்த இடத்தில் புது மண் போட்டிருந்தார்கள். அம்மா முதல் கியரில் ஏறினாள். நான் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தேன், கால் ஆடவில்லை.

என் பழைய கடிதங்களை வைத்திருப்பாய். அவற்றில் 'வந்து சேர்ந்தோம்', 'தாண்டியாயிற்று' என்று எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் பேனாவை எடுத்துத் திருத்திக்கொள். 'அம்மா ஓட்டினாள்' என்று எழுதிக்கொள்.

படகு கிளம்பப் போகிறது. அம்மா முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "போதும், கதை எழுதினது! கொண்டுபோய்க் குடுங்க" என்று சத்தம் போடுகிறாள். ஒரே ஒரு விஷயம் சொல்லி முடிக்கிறேன். உனக்கும் லைசென்ஸ் இருக்கிறதே, திரும்பும்போது பாதித் தூரம் உன்னிடம் கொடுக்கலாமே என்று இப்போதுதான் அவளிடம் கேட்டேன்.

"அவ களைச்சுப்போய் வருவா. பின்னால கால் நீட்டித் தூங்கட்டும்" என்றாள். பிறகு துணியை உதறிவிட்டு, "அதோட, இந்த ரோட்டை நான் யாருக்கும் தர்றதா இல்லை" என்றாள்.

கரையில் காத்திருக்கிறோம்.

உன் அப்பா